விடிவதற்கு முன் சிங்கப்பூரில் சைக்கிள் ஓட்டுவதில் அப்படி என்ன சுகம்?

கேள்வி கேட்டவர் மதுரையிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகளாக அங் மோ கியோ குடியிருப்பு வட்டாரத்தில் இருக்கிறார். அவர் கேட்டதன் சாரம் இது: ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் போய்வருவதை இங்கே பலர் பெரிய சுகமாகச் சொல்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் அது எப்படிச் சுகமாகும்? கட்டடங்களைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது? லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையில் உயிருக்கு என்ன உத்தரவாதம்? கடைசியாக ஒரு வரி: மனைவிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, அவரை எப்படி அழைத்துப் போவது?

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் புழுக்கம்.

சிங்கப்பூர் விடியற்காலை குளுகுளுவென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெப்பநிலை அந்த நேரத்தில்தான் ஆகக் குறைவு, 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் காற்றின் ஈரப்பதம் அதே நேரத்தில்தான் ஆக அதிகம், 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வீட்டு வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதே பிடரியில் வேர்க்கும். ஏறி மிதிக்கத் தொடங்கியதும் கதை மாறும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் விநாடிக்கு 5 மீட்டர் காற்று முகத்தில் அடிக்கிறது. காற்றே இல்லாத இந்த ஊரின் விடியற்காலையில் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். வேர்வை காய்ந்துகொண்டே வரும். சிவப்பு விளக்கில் நின்றால்தான் சட்டென்று உடம்பெல்லாம் ஊற்றும். ஆகவே வேகமாக மிதிப்பதைவிட நிற்காமல் மிதிப்பதுதான் இங்கே சூட்சுமம். எதிரே ஆள் வராத, விளக்குகள் அதிகம் இல்லாத ஒரு பாதையும், வெயில் இல்லாத ஒரு நேரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது அதிகாலையில் மட்டும்.

அந்த நேரம் எப்போது என்பதில் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு குழப்பம் இருக்கும். மதுரையில் ஐந்தரை மணிக்கு எழுந்தால் சீக்கிரமே வெளிச்சம் வந்துவிடும். இங்கே ஐந்தரை மணி நடுராத்திரி மாதிரி. நவம்பர் வாக்கில் சூரியன் ஆறேமுக்காலுக்கு எட்டிப்பார்க்கும், பிப்ரவரியில் ஏழேகாலுக்குத்தான். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரிக்குள் இருப்பதால் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கடிகாரம்தான் ஒத்துப்போகவில்லை. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு உண்மையான நேரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னால் என்றால் போதும். நாம் வைத்திருப்பதோ எட்டு மணி நேரம். முன்பு ஏழரையாக இருந்தது. மலேசியா தன் மேற்குப் பகுதியையும் கிழக்குப் பகுதியையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. 1982 புத்தாண்டில் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அப்படித் தள்ளியதில் லாபம் அடைந்த கூட்டம் ஒன்று உண்டென்றால் அது அதிகாலைச் சைக்கிள்காரர்கள்தான். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் சூரியன் இல்லாமல் ஓட்டலாம். இருளில் ஓட்ட வேண்டுமானால் மூன்றரை மணிக்கே எழ வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

விடியும் வேகத்தையும் சொல்ல வேண்டும். இங்கே இருள் விலகுவது இருபது நிமிடச் சமாசாரம். தெருவிளக்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், இரண்டு பாலம் தாண்டுவதற்குள் முழுப் பகல். நாம் நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த இருபது நிமிடத்தில் நான்கைந்து இடங்களில் அது நடப்பதைப் பார்க்க முடிகிறது. நடந்து போகிறவருக்கு ஒரு தெரு, காரில் போகிறவருக்கு ஒன்றும் இல்லை.

அங் மோ கியோவில் வீடு என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்குப் பாதை வாசலிலேயே இருக்கிறது. பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்குள் காலாங் ஆறு ஓடுகிறது அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கிக் காலாங் படுகைவரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர், சிங்கப்பூரின் ஆக நீளமான ஆறு அதுதான். வைகையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை ஆறு என்று ஒப்புக்கொள்ளச் சங்கடமாக இருக்கலாம். பரவாயில்லை. பூங்காவுக்குள் அது முன்பு 2.7 கிலோமீட்டர் நீளச் சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, மண்ணும் கல்லும் செடியுமாக 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். மழை பெய்தால் ஆறு கரை விரிந்து புல்வெளிக்குள் வரட்டும் என்றே விட்டிருக்கிறார்கள். நீர்நாய்கள் குடியேறியது அதற்குப் பிறகுதான் பிரபலமானது. 'பீஷான் குடும்பம்' என்று ஊரே பேசியது. பிறகு அந்தக் குடும்பம் ஆற்றோடு இறங்கி மரினா பே பக்கம் போனது. விடியும் நேரத்தில் இந்த ஆற்றங்கரையில் எங்கே வேண்டுமானாலும் ஒரு கூட்டம் பாதையைக் கடக்கலாம். குட்டிகள் இருந்தால் நின்றுவிடுங்கள். படம் எடுக்கக் கிட்டே போனால் பெரியவை சீறிக்கொண்டு வரும்.

பூங்காவைத் தாண்டி பிராடல், தோ பாயோ ஓரம், கோலம் ஆயர், பெண்டிமியர் என்று பூங்கா இணைப்புப் பாதை ஆற்றோடு இறங்குகிறது. உண்மையைச் சொன்னால் இந்த நடுப்பகுதி கொஞ்சம் எரிச்சல். பெரிய சாலைகள் குறுக்கே வரும், இறங்கித் தள்ள வேண்டும், சுற்றிப் போக வேண்டும். சாலைகளைக் கடக்க மேலே பாலமும் கீழே சுரங்கப்பாதையும் போட்டு பீஷானிலிருந்து நகரம்வரை தடையில்லாமல் இணைக்கும் திட்டம் இருக்கிறது. முடிந்தால் நல்லது. ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு அந்தச் சந்திப்புகளில் காத்திருப்பது ஒன்றும் பெரிய பாரமில்லை, ஏழு மணிக்குப் பிறகு பாரம்தான்.

காலாங் படுகையில் ஆறு விரிந்ததும் மனசும் விரியும். 1937 முதல் 1955 வரை சிங்கப்பூரின் விமான நிலையம் இருந்த இடம் இது. இன்று பெரிய கூரையோடு தேசிய விளையாட்டரங்கம் நிற்கிறது. டிராகன் படகு வலிப்பவர்களின் தாளச் சத்தம் தண்ணீர் மேல் வரும், ஆட்கள் தெரியமாட்டார்கள். அங்கிருந்து தஞ்சோங் ரூ, பிறகு 'கார்டன்ஸ் பை த பே' பூங்காவின் கிழக்குப் பகுதி. இங்கே கொஞ்சம் நிற்கச் சொல்வேன். நீங்கள் மேற்கே பார்த்து நிற்கிறீர்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் வருகிறது. எதிர்க்கரைக் கோபுரங்களின் உச்சி மாடிகளில் முதலில் வெளிச்சம் விழுந்து மாடி மாடியாகக் கீழே இறங்கும். நகரத்தைப் படம் பிடிக்க எல்லாரும் மாலையில் மெர்லயன் சிலைப் பக்கம் போகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து காலையில் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. இதையும் தாண்டினால் 2008-இல் திறந்த மரினா அணை. கடலை வெளியே நிறுத்தி உள்ளே நல்ல தண்ணீரைத் தேக்கிவைத்திருக்கிறது. வீட்டிலிருந்து இதுவரை சுமார் 15 கிலோமீட்டர், ஏறக்குறைய எல்லாமே தட்டைநிலம்.

பலரும் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சுகம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

மரினா பேயைச் சுற்றிக்கொண்டு சிங்கப்பூர் ஆற்றின் வாய்க்கு வாருங்கள். கேவனா பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். 1869-ஆம் ஆண்டுப் பாலம். மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு (சுமார் 150 கிலோ) மேல் எடையுள்ள வண்டியும், மாடும் குதிரையும் போகக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. இந்த ஊர் மாட்டுவண்டி வேகத்துக்குக் கட்டப்பட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழைய நகரத்தின் தெருக்கள் எல்லாமே அந்த அளவில்தான் இருக்கின்றன. ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள தூரம், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையின் அகலம், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடைப்பட்ட நடை, எல்லாம். காரில் போகும்போது சவுத் பிரிட்ஜ் சாலை நான்கு சிக்னல், அவ்வளவுதான். நடந்தால் வெயில் கொன்றுவிடும். அதிகாலைச் சைக்கிளுக்கு மட்டும் அந்தத் தெருக்கள் சரியான அளவில் விரிகின்றன. நான் இதற்காகத்தான் போகிறேன். உடற்பயிற்சி எல்லாம் உபரி.

பாலத்தின் கீழே இன்று சுற்றுலாப் படகுகள் கட்டிக்கிடக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பங்கு சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள். பின்னால்தான் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. 1977 முதல் 1987 வரை ஆற்றைச் சுத்தம் செய்த பத்தாண்டில் சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். கரையிலிருந்து ஒரு மிதி மிதித்தால் சூலியா தெரு, அதை ஒட்டி மார்க்கெட் தெரு. செட்டியார்கள் கிட்டங்கி என்ற நீளக் கூடத்தில் பெட்டியடி, அதாவது கணக்குப் பெட்டி மேசை, போட்டு வட்டிக்கடை நடத்திய தெரு இது. இன்று ஒரு கிட்டங்கிகூட இல்லை, வானுயர்ந்த கண்ணாடி. பகலில் இங்கே வங்கி ஊழியர் கூட்டத்தில் இதெல்லாம் நினைவுக்கே வராது. விடியற்காலையில் தெரு காலியாக இருக்கும்போது அது எவ்வளவு குட்டித் தெரு என்பது தெரியும். சைக்கிளில் ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத் தெருவிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் பணம் போயிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

தெலுக் ஆயர் தெருவுக்குள் திரும்புங்கள். இது ஒரு காலத்தில் கடற்கரை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்தார்கள், தெரு உள்ளே வந்துவிட்டது. கப்பலில் இறங்கியவர்கள் முதலில் கால்வைத்த மண் இது. அதனால்தான் பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லும் இடங்கள் வரிசையாக நிற்கின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா, அதற்கு அருகில் அல் அப்ரார் பள்ளிவாசல், இடையில் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில். பெரிய மோட்டார்ச் சத்தம் இல்லாத நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து வருகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்கும். அப்படியே சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வந்தால் ஜாமியா சூலியா பள்ளிவாசல், அதன் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். 1819-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் ஏற்படுத்திய கோயில். நீங்கள் போகும் நேரத்தில் நடை திறந்திருக்கும். சைக்கிளை ஓரமாகப் பூட்டிவிட்டு, வேர்வைச் சட்டையோடு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள். அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள், வாசலில் இருப்பவர் ஒரு பார்வை பார்ப்பார்.

திரும்பும்போது சிலிகி சாலை வழியாக சிராங்கூன் சாலையைப் பிடியுங்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காப் பகுதியில் அது ஒருவழிப் பாதை, நகரத்திலிருந்து வெளியே வரும் திசையில்தான் ஓட்டலாம். அதனால் இதைத் திரும்பும் வழியாக வைத்துக்கொள்வது சரி. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நகர முடியாது, உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிவாக்கில் அந்தச் சாலை உங்களுடையது. ஈரச் சாக்கில் மல்லிகை உதிரிகள் இறங்கும், கட்டி முடித்த மாலைகளைத் தொங்கவிடுவார்கள், வாழை இலைக் கட்டுகள் வரும். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் பஃபலோ சாலை முனை எது, வீரமாகாளியம்மன் கோயில் எது என்று மூக்கு சொல்லிவிடும். (மூடாதீர்கள். அந்த முனையில்தான் காய்கறி வண்டிகள் பின்னால் வரும்.) மாட்டு வணிகமும் பால் வியாபாரமும் நடந்த வட்டாரம் இது. பக்கத்தில் 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் இருந்தது, அதன் ஓரமாகப் போனதுதான் ரேஸ் கோர்ஸ் சாலை. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்திருந்தால் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில்வரை உங்கள் கால் அறிந்த தூரம்தான். அதையே இப்போது சக்கரத்தில் எதிர்த்திசையில் வருகிறீர்கள்.

அந்த நேரத்தில் சாலையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர் தூங்குகிறது, நாம் மட்டும் விழித்திருக்கிறோம் என்று எழுதுவார்கள். பொய். கீழ்த்தளங்களைக் கழுவுகிறவர்கள், மலேசியாவின் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள், உணவங்காடி நிலையத்தில் அடுப்பு மூட்டுகிறவர்கள், பூங்காவில் கை கால் வீசும் தாத்தா பாட்டிகள் என்று ஒரு முழு நகரமே விழித்திருக்கிறது. வார நாளில் போனால் இன்னும் கூட்டம். விடுதிகளிலிருந்து கட்டுமான இடங்களுக்கு ஊழியர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரும். கையில் சாப்பாட்டுப் பொட்டலம், பாதிப் பேர் தூக்கம். 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இந்தத் தீவின் பழைய சாலைகள் பலவற்றைப் போட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அவர்களும் இதே இருட்டில்தான் வேலைக்குப் போயிருப்பார்கள். ஒருநாள் சிக்னலில் அப்படி ஒரு லாரி பக்கத்தில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பையன் என் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது என்ன விலை?"

"ஆயிரத்து இருநூறு வெள்ளி, தம்பி."

"ஊர்ல ஒரு டிவிஎஸ் எடுத்துட்டு மீதிக் காசும் இருக்குமேண்ணே!"

லாரி முழுக்கச் சிரிப்பு. பச்சை விழுந்தது. எந்த ஊர் என்று கேட்கக்கூட நேரமில்லை. அவன் கணக்கு சரி என்பதால் எனக்குப் பதிலும் இல்லை. பிறகு யாருக்கும் விலை உயர்ந்த சைக்கிளை நான் சிபாரிசு செய்வதில்லை. தொழிற்பேட்டைகள் உள்ள துவாஸிலும் கிராஞ்சியிலும் நம் ஆட்கள் பழைய சைக்கிளில்தான் வேலைக்கும் கடைக்கும் போய்வருகிறார்கள், அதில் ஓடாத தூரம் எதுவும் இல்லை. உங்களுக்கு இப்போதைக்குச் சைக்கிளே வாங்க வேண்டாம். எனிவீல், ஹலோரைட் இரண்டில் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். கனமான வண்டிதான், தட்டைநிலத்துக்குப் போதும். பிடித்திருந்தால் 32 மில்லிமீட்டர் அகல டயர் உள்ள சாதாரண வண்டி ஒன்று வாங்குங்கள். மடக்கு சைக்கிளுக்கும் ஒரு வசதி உண்டு. மடக்கிய பிறகு 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் எம்ஆர்டி என்ற நகர ரயிலில் எந்த நேரமும் ஏற்றலாம். காலையில் ஓட்டிப் போய், வெயில் ஏறியதும் குளிர்சாதன ரயிலில் திரும்பிவிடலாம். இதை ஏமாற்று வேலை என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்கள் வெயிலில் வரட்டும்.

சரி, உயிர் உத்தரவாதம். பூங்கா இணைப்புப் பாதை தீவு முழுவதும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, முதல் சில மாதம் அதிலேயே ஓட்டுங்கள். அங்கும் சைக்கிளோட்டப் பாதையிலும் வேக வரம்பு 25, சாதாரண நடைபாதையில் 10. நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது இங்கே சட்டப்படி அனுமதி என்பதே ஊரிலிருந்து வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் சைக்கிளோட்டப் பாதை இருக்கும் இடங்களில், நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் ஏறக் கூடாது, 2025 ஜூலையிலிருந்து அது குற்றம். சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம், விரைவுச்சாலைப் பக்கமே போகக் கூடாது. இரவு ஏழு முதல் காலை ஏழு வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். நான் சொல்லும் பயணத்தில் பெரும்பகுதி இந்த நேரத்துக்குள் வருவதால் விளக்கு வாங்கும் காசில் மிச்சம் பிடிக்காதீர்கள். சட்டத்துக்காக மட்டுமில்லை. தூங்குமூஞ்சி மரங்கள் கூரை போட்ட சாலைகளில் தெருவிளக்கு சில இடங்களில் கிளைகளுக்கு மேலேயே நின்றுவிடும், கீழே நீங்கள் ஒரு நிழல்.

சாலையில் என் பயம் வேகமாக வரும் காரைப் பற்றியது இல்லை. பஸ்ஸும் லாரியும் இடப்பக்கம் திரும்பும் இடம்தான் ஆபத்து. அதன் இடப்பக்கத்தில் நின்றால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். சிக்னலில் லாரிக்குப் பக்கவாட்டில் நுழைந்து முன்னால் போய் நிற்கலாம் என்று தோன்றும். வேண்டாம், பின்னாலேயே நில்லுங்கள். வார நாளில் 6.30-க்கு பேருந்துத் தடங்கள் நடைமுறைக்கு வந்ததும் இடது ஓரம் பஸ்களின் ராஜ்யம், அதற்குள் நகரச் சாலைகளை முடித்துவிடுங்கள். ஞாயிறு என்றால் இந்தக் கவலை பாதி குறைவு.

மழை இன்னொரு விஷயம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராக் காற்று என்று ஒன்று மேற்கிலிருந்து கிளம்பி வரும், அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து நண்பகலுக்குள் இங்கே அடிக்கும். நம் நேரத்தைக் குறிவைத்து வருவது போலவே இருக்கும். கிளம்பும் முன் கைப்பேசியில் மழை ராடாரைப் பாருங்கள். மலாக்கா நீரிணையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு நீளக்கோடு தெரிந்தால் திரும்பப் படுத்துக்கொள்ளலாம். நனைந்த பாதையில் இரும்புச் சாக்கடை மூடிகளும், சாலையில் பூசிய கோடுகளும் வழுக்கும். அங்சானா மரம் பூத்த மறுநாள் பாதை முழுக்க மஞ்சள் கம்பளம் விரித்திருக்கும். பார்க்க அழகு, நனைந்திருந்தால் திருப்பத்தில் பிரேக் பிடிக்காதீர்கள்.

பறவைச் சத்தத்துக்காகச் சொல்கிறேன், காதில் பாட்டு மாட்டாதீர்கள். ஐந்து மணியிலிருந்தே குயில் ஆரம்பித்துவிடும். நம் இலக்கியத்தில் அவ்வளவு கொண்டாடப்படும் பறவையைப் பற்றி இங்கே குடியிருப்பாளர்கள் தூக்கம் கெடுகிறதென்று புகார் எழுதுகிறார்கள். பீஷான், தோ பாயோ என்று எல்லா இடத்திலும் அதே குரல் மேலே ஏறி ஏறிக் கூவும். சில புளோக்குகளின் புல்வெளியில் காட்டுக்கோழிச் சேவல்கள் திரியும். அடுக்குமாடி நடுவே சேவல் கூவக் கேட்பது சிங்கப்பூரில் எனக்கு இன்னும் பழகவில்லை.

கூட்டமாக ஓட்டுகிறவர்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஒட்டிய உடையில் சாங்கிக் கடலோரச் சாலையிலும் மண்டாயிலும் பறப்பவர்கள். அவர்களுக்கும் விதி உண்டு, வரிசையாகப் போனால் ஒரு குழுவுக்கு ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர். அது நல்ல விளையாட்டு, எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தவிர எதையும் பார்க்க முடியாது. நகரம் பார்க்க வேண்டுமானால் தனியாகவோ இரண்டு பேராகவோ போங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், தண்ணீர். தேக்கா உணவங்காடியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, பசிக்கு இரண்டு தோசையோ முட்டை பராட்டாவோ, கூடவே ஒரு தே தாரிக், இழுத்து ஆற்றிய பால் தேநீர். மிதித்த கலோரி அங்கேயே திரும்பி வந்துவிடும், கவலைப்படாதீர்கள். மதுரைக்காரர் என்பதால் சட்னியைப் பற்றி ஒரு கருத்துச் சொல்வீர்கள். எட்டு மணிக்குள் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அதற்கு மேல் வெயில்.

கடைசியாக உங்கள் மனைவி. பெரியவர்கள் சைக்கிள் பழகப் பின்னால் ஆள் பிடித்துக்கொண்டு ஓடும் முறை சரிவராது. இருவருக்கும் கோபம்தான் மிஞ்சும். இருக்கையைக் கால் முழுக்கத் தரையில் படும்படி தாழ்த்துங்கள், மிதிகட்டைகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். லேசான சரிவில், காலால் உந்தி உந்திப் போகச் சொல்லுங்கள். காலைத் தூக்கிக்கொண்டு சில விநாடிகள் மிதக்க முடிகிறது என்றால் சமநிலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு மிதிகட்டையை மாட்டுங்கள். இடம் என்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, அகலமான தட்டைப் பாதை. வாடகைக் கடைகளும் உண்டு, இரட்டைச் சைக்கிளும் கிடைக்கும். அவர் பழகும்வரை பின்னிருக்கையில் உட்காரவைத்து இருவருமாக மிதிக்கலாம். சுடிதார் போட்டால் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், சக்கரத்தில் சிக்கும். வாடகைக் கடைகள் விடிவதற்கு முன் திறப்பதில்லை, அதனால் பாடத்தை மாலை ஐந்து மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள்.